மூன்றாவது கார்புரேட்டர்

படித்து முடித்ததும் கதை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது கதை இல்லை. எனக்கு நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். தொழில் மெக்கானிக். ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைப் பிடித்தால் சத்தம் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை 7.02 மணியிலிருந்து 8.10 வரை நான் கேட்ட சத்தத்துக்கு இன்றுவரை என்னிடம் காரணம் கிடையாது.

முதலில் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புரியாது.

பட்டறை அப்பா வைத்தது. அவருக்குப் பிறகு அண்ணனும் நானும் நடத்தினோம். வாடிக்கையாளரிடம் பேசுவது, சாமான் வாங்குவது எல்லாம் அண்ணன். இஞ்சின் வேலை என்னுடையது. எங்களோடு இன்னொருவன் இருந்தான். அவனை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். காது பெரிதென்று இல்லை. காதை வைத்தே இஞ்சினைப் படித்துவிடுவான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "நாலாவது பிளக் போச்சு," என்பான். கழற்றிப் பார்த்தால் நாலாவது பிளக் கரி பிடித்துக் கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும். பெருமையாகவும் இருக்கும்.

அவனுக்கும் என் தங்கைக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என்னை 'மச்சான்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். "தாலி கட்டிட்டு உரிமை கொண்டாடுடா," என்பேன். கேட்க மாட்டான்.

அவனிடம் இருந்த ஒரே சொத்து மூன்று கார்புரேட்டர்கள். இஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுகிற சாமான். ஒரே மாதிரியான மூன்று. பழைய வண்டிகளை உடைக்கிற இடங்களில் ஐந்து வருடம் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பழைய ஆறு சிலிண்டர் இஞ்சினில் ஆறும் ஒரே வரிசையில் நிற்கும். கம்பெனிக்காரன் நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டரைத்தான் வைத்திருப்பான். "ஆறு பேர் வரிசையா உக்காந்திருக்கான், நடுவுல ஒரே ஒரு சட்டி. ஓரத்துல இருக்கிறவனுக்கு என்னிக்கும் அரை வயிறுதான் மச்சான்," என்பான் காது. இரண்டு சிலிண்டருக்கு ஒன்று என்று மூன்றை மாட்டினால் எல்லோருக்கும் வயிறு நிறையும். நல்ல ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்று வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுவோம் என்று பேசி வைத்திருந்தோம்.

மாட்டுவது பெரிய விஷயம் இல்லை. மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதுதான் வித்தை. ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறு முனையைக் காதில் வைப்பான். உள்ளே 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போவது கேட்கும். மூன்றிலும் அந்தச் சத்தம் ஒன்றாகிற வரை நான் திருகைத் திருப்ப வேண்டும். இஞ்சின் ஓடும்போது பேசினால் காதில் விழாது. அதனால் கையில் இருக்கிற ஸ்பேனரால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் திற. இரண்டு தட்டு என்றால் போதும், நிறுத்து. ஒரு கார்புரேட்டர், இரண்டு கார்புரேட்டர் வண்டிகளில் எத்தனையோ முறை அப்படி வேலை பார்த்திருக்கிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். அண்ணன் முகம் இறுகி நின்றுகொண்டிருந்தார்.

"காது போய்ட்டான்டா."

"எங்க?"

"நேத்து ராத்திரி பையைத் தூக்கிட்டுப் போய்ட்டான். கல்யாணம் வேணாமாம். உங்கிட்ட சொல்லச் சொன்னான்."

அலமாரியைத் திறந்து பார்த்தேன். கார்புரேட்டர் பெட்டியும் இல்லை. என்னிடம் நேரில் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. தங்கை முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே இன்னொரு வேலையும் இருந்தது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க, பட்டறை நடுவில் ஆளுயரக் குழி ஒன்று உண்டு. அதில் தண்ணீர் ஊறுகிறது, மூடிவிடலாம் என்று அண்ணன் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனபோது ஏற்கெனவே இடிபாடு போட்டு நிரப்பியிருந்தது. மேலே சிமெண்ட் போடுவதுதான் பாக்கி. நானே குழைத்தேன். நானே கொட்டினேன். கோபத்தில் கை தானாக ஓடியது. ஒவ்வொரு சட்டி கொட்டும்போதும் வாய்விட்டு அவனைத் திட்டினேன். நடுவில் தட்டும் சத்தம் கேட்டது. "விடிஞ்சா போதும் இந்த டிங்கருக்கு," என்று சலித்துக்கொண்டார் அண்ணன். நசுங்கிய வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் கடை எங்களுக்கு அடுத்த சுவர். நான் மிச்சத்தையும் கொட்டி, மட்டப்பலகையை எடுத்துத் தளத்தை வழித்து முடித்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் பட்டறையில் நாற்றம். எலி செத்திருக்கும் என்று அண்ணன் பினாயில் வாங்கி வந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று வருடம் ஓடியது. தங்கை மட்டும் மாறவில்லை. எந்த வரன் வந்தாலும் வேண்டாம் என்றாள். "ஏதாவது காரணம் இருக்கும் சின்னண்ணா. அவர் அப்படிச் செய்ற ஆள் இல்ல," என்பாள். கேட்கக் கேட்க எனக்கு அவள் மேலும் கோபம் வரும், அவன் மேலும் கோபம் வரும்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது.

நீண்ட மூக்கு வைத்த பழைய கார். ஆறு சிலிண்டர். சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். வண்டியில் சக்தி போதவில்லை, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டுவிட்டுப் போனார். மறுநாள் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். உள்ளே மூன்று கார்புரேட்டர்கள். பளபளவென்று மெருகு போட்டிருந்தது.

"எங்க கெடச்சது?"

"வெளியூர்ல. பழைய சாமான் கடையில."

இரண்டு நாள் அதிலேயே மூழ்கினேன். இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகிற பழைய குழாய்த் தொகுதியைக் கழற்றி, மூன்று வாய் உள்ளதை வைத்து, கசியாமல் இருக்க இடையில் பட்டைகள் வெட்டிப் போட்டு, மூன்றையும் ஒரே கம்பியில் இணைத்தேன். வியாழக்கிழமை காலை, மூன்றாவதன் திருகைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. திருகின் தலையில் அரத்தால் தீட்டிய சின்னப் பள்ளம். காதுவின் அடையாளம். இருட்டிலும் விரலாலேயே தெரிய வேண்டும் என்று அவன் என் கண் முன்னால் தீட்டியது.

அண்ணனிடம் காட்டினேன்.

"மறைக்கலாம்னுதான் பாத்தேன்," என்றார். "அவன்தான் வித்தான். போன வாரம் பாத்தேன். கல்யாணம் ஆயிடுச்சு. கொழந்தை இருக்கு. நல்லாப் பெருத்துட்டான்."

"நம்மளப் பத்திக் கேட்டானா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். "பெரியண்ணா சொன்ன மாப்பிள்ளையை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க," என்றாள். மூன்று வருடமாக அவள் பிடித்து வைத்திருந்ததை நான் ஒரு நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

அன்று மாலை.

காற்றுச் சத்தத்தைக் கேட்டுச் சரி செய்ய அமைதி வேண்டும். அக்கம்பக்கத்துக் கடைகள் மூடும்வரை காத்திருந்தேன். டிங்கர் 6.50-க்குப் பூட்டிவிட்டுப் போனார். அண்ணன் டாக்டரை அழைத்து வரப் போயிருந்தார். எட்டு மணிக்குள் வருவதாகச் சொன்னார். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். புகை வெளியே போகக் குழாய் மாட்டினேன். மணி 7.02. இஞ்சினைக் கிளப்பினேன்.

ரப்பர் குழாயைக் காதில் வைத்தேன். முதல் கார்புரேட்டர்... 'ஸ்ஸ்ஸ்ஸ்'. சீராக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. கொஞ்சம் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினேன்.

மூன்றாவது.

'ஸ்ஸ்ஸ்...' நின்றது. 'ஸ்ஸ்ஸ்...' மறுபடி நின்றது.

குழாயை எடுத்துப் பார்த்தேன். அடைப்பு இல்லை. ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு நானூறு தடவை காற்றை இழுக்கும். காதுக்கு அது ஒரே கோடாகத்தான் கேட்கும். இது அப்படி இல்லை. இழுத்தது, நிறுத்தியது, விட்டது. தூங்குகிற ஆள் மூச்சுவிடுகிற வேகம்.

எங்கோ கசிவு என்று நினைத்தேன். இணைப்புகளில் எல்லாம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கசிவு இல்லை. மணி 7.18.

அப்போது கேட்டது.

'டக்.'

வால்வு சத்தம் என்று நினைத்தேன். ஆனால் என் கை திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தது. பழக்கம்.

'டக்.'

இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

'டக்.'

இன்னும் ஒரு மயிரிழை.

'டக் டக்.'

கையை எடுத்தேன். இஞ்சின் சத்தமே மாறிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் கேட்டதில்லை. ஆட்டம் பார்க்க இஞ்சின் மேல் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு அசைவு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிராமலே கேட்டேன்.

"சரியாடா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. பட்டறையில் யாரும் இல்லை.

மணி 7.31. இஞ்சினை நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். விசிறி நின்றது. எல்லாம் நின்றது. ரப்பர் குழாய் மூன்றாவது கார்புரேட்டரிலேயே செருகிக் கிடந்தது. மறு முனையை எடுத்துக் காதில் வைத்தேன்.

'ஸ்ஸ்ஸ்...'

நின்றது.

'ஸ்ஸ்ஸ்...'

குழாயை முகர்ந்தேன். பெட்ரோல் வாடை வர வேண்டும்.

வரவில்லை.

ஈரச் சிமெண்ட் வாடை வந்தது.

'டக் டக்.'

இந்த முறை இஞ்சினிலிருந்து இல்லை. காலுக்குக் கீழிருந்து.

ஓடிப்போயிருக்கலாம். ஷட்டர் பாதி திறந்துதான் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மண்டியிட்டேன். ரப்பர் குழாயின் ஒரு முனையை, குழியை மூடிய சிமெண்ட் தளத்தில் வைத்து அழுத்தினேன். மறு முனையைக் காதில் வைத்தேன். ஸ்பேனரால் தரையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்றும் இல்லை.

மணி 7.44.

ஒன்றும் இல்லை...

'டக் டக்.'

ஷட்டர் கிரீச்சென்று ஏறியது. அண்ணன். தனியாகத்தான் வந்தார். டாக்டருக்கு வேலை வந்துவிட்டதாம். வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். மணி 7.52.

"என்னடா கீழ படுத்திருக்கே?"

"கீழ ஏதோ தட்டுது."

"குழிக்குள்ள எலி ஓடும். எந்திரி."

எழுந்தேன். அவரையே பார்த்தேன்.

"ரொப்பின குழியில எலி எப்படி ஓடும்?"

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. உள்ளே வந்தவர் சிமெண்ட் போட்ட இடத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டார். ஒரு அடி எடுத்து வைத்தால் என்னிடம் வந்துவிடலாம். வைக்கவில்லை. மூன்று வருடமாக அவர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார். புதுத் தளம் அழுக்காகக் கூடாது என்று நினைக்கிறார் போல என்று நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

'டக் டக்.'

என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"நிறுத்துடா... மூணு வருஷமாச்சு... போதும், நிறுத்துடா..."

நான் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தேன். காரைப் பின்னால் தள்ளினேன். அவர் தடுக்கவில்லை. மூலையில் இருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளத்தான்டா செஞ்சேன். அந்தக் கார்புரேட்டர் செட்டைக் குடுன்னு கேட்டேன். தனியாப் பட்டறை வைக்கப்போறேன், கூட உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னான். கோவத்துல தள்ளினேன். குழிக்குள்ள விழுந்தான். அசையல. செத்துட்டான்னு நெனச்சேன்."

"கல்யாணம் ஆச்சுன்னு சொன்னே. கொழந்தைன்னு சொன்னே."

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

இதுவரை அண்ணனை 'அவர்' என்று எழுதிவிட்டேன். இனிமேல் கை வராது.

8.10-க்கு சிமெண்ட் உடைந்தது. கீழே ஒரு சாண் இடிபாடு. அதற்கடியில் இரும்புத் தகரம். கடப்பாரை பட்டதும் வெறும் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. குழி நிரம்பவே இல்லை. மூடி மட்டும்தான் போட்டிருந்தான்.

அதோடு சத்தம் நின்றது. அதன் பிறகு ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

தகரத்தைத் தூக்கியது போலீஸ். நான் பார்க்கவில்லை, வாசலில் நின்றுகொண்டேன். தங்கை பார்த்தாள். யார் சொல்லியும் கேட்காமல் விளிம்பு வரை போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"காரணம் இருக்கும்னு சொன்னேன்ல சின்னண்ணா?"

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அண்ணன் இப்போது சிறையில் இருக்கிறான். கார்புரேட்டர் பெட்டி மூன்று வருடமும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பரணுக்குக் கீழேதான் தங்கை படுப்பாள். இதையும் அவனே ஒப்புக்கொண்டான். ஒரே வயிற்றில் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். தினமும் என் பக்கத்தில் நின்று, நான் என் நண்பனைத் திட்டும்போதெல்லாம் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டியவன். பார்க்க வா என்று ஆள் அனுப்புகிறான். நான் போகவில்லை. போக மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் என்றால், பயம் என்றோ பிரமை என்றோ சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன்.

போலீஸ்காரர் ஒருவர் அந்தத் தகரத்தைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் சின்னச் சின்னப் பள்ளங்கள். காதுவின் கையில் ஸ்பேனர் இருந்ததாம். விழுந்தபோது அவன் சாகவில்லை. தலையில் அடி, கத்தத் தெம்பு இருந்திருக்காது, தட்டத்தான் முடிந்திருக்கும் என்றார். எத்தனை நேரம் உயிரோடு இருந்தான் என்று கேட்டேன். அதெல்லாம் இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

சாமான்களை எடுக்கப் போன அன்று டிங்கர் வந்து பக்கத்தில் நின்றார். துக்கம் கேட்க வந்தவர். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.

"குழிக்கு சிமெண்ட் போட்டோமே, அன்னிக்குக் காலையில நீங்க என்ன வேலை பாத்துட்டு இருந்தீங்க? தட்டிட்டே இருந்தீங்களே," என்றேன்.

அவர் யோசித்தார்.

"அந்தச் செவ்வாய்க்கிழமையா? அன்னிக்குத்தானே தம்பி என் பொண்ணு பொறந்தா. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கெடந்தேன். நான் கடையே தொறக்கலையே."

இப்போதெல்லாம் அந்தக் காலைதான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தட்டு. போதும், நிறுத்து. என்னிடம்தான் சொல்லியிருக்கிறான். மேலே நிற்பது நான்தான் என்று, திட்டுகிற குரலை வைத்தே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் இன்னும் நான்கு சட்டி கொட்டினேன்.